கறுத்த உதடு குறையல்ல

உதடு என்றால் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும், கறுத்திருந்தால் அது குறை என்ற எண்ணம் இன்று யாரும் கேள்வி கேட்காத உண்மையாக நம் வீடுகளில் குடியேறிவிட்டது. இணைப்பிதழ்களின் அழகுக் குறிப்பு, தொலைக்காட்சியின் மதிய நேர நிகழ்ச்சி, கைப்பேசியில் ஓடும் ஒரு நிமிடக் காணொளி, மருந்துக்கடை அலமாரி, கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடும் பார்லர் என்று எங்கே திரும்பினாலும் கறுத்த உதட்டைச் சிவப்பாக்க வழி சொல்கிறார்கள். எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரையைக் கலந்து தேய்க்கச் சொல்கிறார் ஒருவர். பல் துலக்கும் பிரஷ்ஷால் உரசச் சொல்கிறார் இன்னொருவர். பீட்ரூட் சாறு, சோடா மாவு, பெயர் தெரியாத கிரீம், கடைசியில் லேசர் என்று பட்டியல் நீள்கிறது. வழிகள் வேறு வேறாக இருந்தாலும் அடியில் இருக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: உன் உதடு இப்போது இருக்கும் நிலை சரியில்லை.

இந்தத் தீர்ப்பு தவறானது. இதை ரசனை வேறுபாடு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. உடலைப் பற்றி நமக்குத் தெரிந்த அறிவுக்கு இது முரணானது. பிள்ளைகளின் முகத்துக்குக் கேடு செய்வது. உண்மையில் கவனிக்க வேண்டிய உதட்டு நோய்களிலிருந்து நம் கண்ணைத் திருப்பிவிடுவது.

எதிர்த்தரப்பு சொல்வதை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வோம். ரோஜா நிறம் ஆரோக்கியத்தின் அடையாளம் என்பது அவர்களுடைய முதல் வாதம். புகை, டீ, அழுக்கு, கவனிப்பின்மை ஆகியவைதான் உதட்டைக் கறுக்க வைக்கின்றன என்பது இரண்டாவது. சமையலறைப் பொருளால் செய்யும் வைத்தியம் கெடுதல் செய்யாது என்பது மூன்றாவது. சிவந்த வாயைப் போற்றியது நம் இலக்கியமே, ஆகவே இது நம் சொந்த அழகுணர்ச்சி என்பது நான்காவது. நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அவற்றைச் சோதிக்கும் முன், உதட்டுக்கு நிறம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

நிறம் எங்கிருந்து வருகிறது

முகத்தின் தோலுக்கும் வாயின் உட்புறச் சவ்வுக்கும் நடுவே இருக்கும் எல்லைப் பகுதியைத்தான் நாம் உதடு என்று பார்க்கிறோம். இங்கே முடி முளைப்பதில்லை. வியர்வைச் சுரப்பி இல்லை. எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலும் இல்லை; சிலருக்கு மட்டும் அது சிறு மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும், அது நோயன்று. இப்பகுதியின் மேல்தோல் மிக மெல்லியது. அதனால் அடியில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சிவப்பு வெளியே தெரிகிறது. உதட்டு நிறத்தின் ஒரு பாதி இந்த இரத்தம். மறுபாதி மெலனின் என்ற நிறமி.

மெலனினை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா இனத்தாருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். நம் உடலில் அந்தச் செல்கள் கூடுதலாக உழைக்கின்றன; அவை உருவாக்கும் நிறமித் துகள்கள் பெரியவை, நெடுநேரம் நிலைப்பவை. முகத்துக்கு மாநிறத்தைத் தருவதும் கறுப்பைத் தருவதும் இதே நிறமிதான். அது வாயோரத்தோடு நின்றுவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உதட்டுக்கும் வருகிறது, ஈறுக்கும் வருகிறது. அதனால்தான் நம்மில் பலருக்கு மேலுதடு கீழுதட்டைவிடக் கறுத்திருக்கிறது. பலருக்கு உதட்டின் விளிம்பில் கறுப்புக் கோடு ஓடுகிறது, நடுவில் சிவப்புத் தெரிகிறது. ஈறில் பழுப்புத் திட்டுகள் இருக்கின்றன. பல் மருத்துவப் பாடநூல்கள் இதை இயல்பான நிறமாக, நோய்ப் பட்டியலுக்கு வெளியே வைத்து எழுதுகின்றன. சிறு வயதிலிருந்தே இருப்பது, இருபுறமும் ஒத்திருப்பது, வலியோ வீக்கமோ இல்லாதது ஆகியவை அதன் அடையாளங்கள்.

ஆகவே மாநிற முகத்தில் ரோஜா நிற உதடு வேண்டும் என்று கேட்பது, மெலனினே குறைந்த ஒரு மக்கள் கூட்டத்தின் உறுப்பைக் கொண்டுவந்து நம் முகத்தில் ஒட்டச் சொல்வதாகும். உடல் அதற்கு உடன்படாது. உடன்படாத உடலைத்தான் சாறு, பிரஷ், கிரீம் எல்லாவற்றாலும் தண்டிக்கிறோம்.

ஆரோக்கியத்தின் நிறம் எது

முதல் வாதத்துக்கு வருவோம். இரத்தம் குறைந்தால் உதடு வெளிறும் என்பது உண்மை. அதிலிருந்து, ரோஜா நிறம் இருந்தால் ஆரோக்கியம், இல்லாவிட்டால் நோய் என்ற முடிவுக்குத் தாவுவதுதான் பிழை. இரத்தசோகையைச் சோதிக்கும் மருத்துவர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார், உள்ளங்கையையும் நகக் கண்ணையும் பார்க்கிறார். உதட்டை மட்டும் பார்த்து அவர் முடிவு சொல்வதில்லை. மெலனின் மூடியிருக்கும் இடத்தில் இரத்தத்தின் நிறம் சரியாகத் தெரியாது என்பதே காரணம்.

2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரண்டில் ஒரு பெண்ணுக்கு மேல் என்று பொருள். உதட்டு நிறத்துக்காக நாம் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு இந்த எண்ணின் பக்கம் திரும்பியிருந்தால் எத்தனையோ பெண்களின் களைப்பும் மூச்சு வாங்குதலும் தீர்ந்திருக்கும். ஆனால் அழகுக் குறிப்பு எழுதுபவர் கேட்பது உன் இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அல்ல, உன் உதடு ஏன் இப்படி இருக்கிறது என்று.

ரோஜா நிறத்தை அளவுகோலாக வைப்பதால் மருத்துவத்துக்குள்ளேயே கேடு விளைந்திருக்கிறது. உடலில் ஆக்சிஜன் குறைந்தால் உதடு நீலமாகும் என்பது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட பாடம். கறுத்த உதட்டில் அந்த நீலம் எளிதில் தெரியாது. சாம்பல் பூத்ததுபோல் தோன்றலாம், அல்லது கண்ணுக்கே படாமல் போகலாம். கொரோனா காலத்தில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் உதடும் முகமும் நீலமாவதை ஆபத்து அறிகுறியாக முதலில் அறிவித்தது. பின்னர் அதையே, அவரவர் தோல் நிறத்தைப் பொறுத்து வெளிறியோ சாம்பலாகவோ நீலமாகவோ தெரியலாம் என்று மாற்றி எழுதியது. 2020ஆம் ஆண்டில் லண்டனில் மாலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், தம் ஆசிரியர்களோடு சேர்ந்து, கறுத்த, மாநிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தோன்றும் என்று விளக்கும் கையேட்டை வெளியிட்டார். வகுப்பில் காட்டப்பட்ட படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலாகவே இருந்ததுதான் அதற்குக் காரணம். மூச்சுத் திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நம் ஊர்த் தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டியது இதுதான்: உதட்டை மட்டும் பார்க்காதே, நாக்கையும் வாயின் உட்புறத்தையும் பார், மூச்சின் வேகத்தைப் பார்.

நிறம் குறைவதே நலம் என்றால் வெண்புள்ளி ஏற்பட்ட உதட்டைத்தான் மிக நலமானது என்று சொல்ல வேண்டியிருக்கும். அது அப்படியல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். நிறம் ஏறுவதாலோ இறங்குவதாலோ மட்டும் உதட்டின் நலத்தை அளக்க முடியாது. ஒருவருக்கு இயல்பாக இருந்த நிறம் திடீரென்று மாறுகிறதா என்பதே பொருளுள்ள கேள்வி.

பழியின் நிறம்

இரண்டாவது வாதம் உடலை விட்டு ஒழுக்கத்துக்குள் நுழைகிறது. உதடு கறுத்த பையனைப் பார்த்ததும் சிகரெட் பிடிக்கிறான் என்று முடிவு கட்டுகிறார்கள். பெண்ணாக இருந்தால் பேச்சு இன்னும் கூர்மையாகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் நடக்கும் உரையாடலை நான் விவரிக்கத் தேவையில்லை. பிறவியிலேயே வந்த நிறத்துக்கு ஒரு பிள்ளை சாட்சி சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

புகையிலை வாயில் நிறமாற்றம் உண்டாக்கும் என்பது மெய். 1970களில் ஸ்வீடனில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். புகையின் உறுத்தலுக்கு எதிர்வினையாக மெலனின் கூடுதலாகச் சுரக்கிறது. முன்பற்களை ஒட்டிய ஈறில் அது மிகுதியாகத் தெரிகிறது, உதட்டிலும் வரலாம். புகைப்பதை விட்டுவிட்டால் மாதங்களிலிருந்து சில ஆண்டுகளுக்குள் மங்கிவிடும். இவ்வளவும் சரி. ஆனால் இந்த ஆய்வுகள் நடந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். வெளிறிய தோல் கொண்ட மக்களிடம் வாயில் புதிதாகக் கறுப்புத் தோன்றினால் அது கவனிக்கத்தக்க செய்தி. பிறக்கும்போதே மெலனின் நிறைந்த நம் வாயில் அதே கறுப்பு யாரைப் பற்றியும் எதையும் நிரூபிக்காது. புகைப்பவர் சிலருக்கு உதடு கறுக்கலாம் என்பதிலிருந்து, உதடு கறுத்தவர் எல்லாம் புகைப்பவர் என்று முடிவு செய்வது தர்க்கத்தின் முதல் படியிலேயே சறுக்குவது.

டீ குடித்தால் கறுத்துவிடுவாய் என்று குழந்தைகளை மிரட்டுவதும் இதே வகை. டீயும் காபியும் பல்லில் கறை படியச் செய்யும். உதட்டின் மேல்தோல் தொடர்ந்து உதிர்ந்து புதிதாவது. அதில் பானத்தின் நிறம் தங்கி மெலனினாக மாறுவதில்லை. அழுக்கு, கவனிப்பின்மை என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் இன்னும் எளிது. அழுக்கு கழுவினால் போய்விடும். மெலனின் கழுவினால் போகாது, ஏனென்றால் அது அழுக்கல்ல.

வீட்டு வைத்தியத்தின் விலை

மூன்றாவது வாதம்தான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. இயற்கையான பொருள், அடுப்படியில் இருப்பது, பாட்டி காலத்து வைத்தியம் என்று சொன்னால் யாரும் அஞ்சுவதில்லை. எலுமிச்சையை எடுத்துக்கொள்வோம். அதன் சாறு கடுமையான அமிலம். அதன் அமிலக் குறியீடு 2க்கும் 3க்கும் இடையில். மெல்லிய உதட்டுத் தோல் அதைத் தாங்கும்படி அமைந்ததல்ல. இன்னொரு தீங்கும் உண்டு. நாம் எலுமிச்சை என்று வாங்கும் சிறு பழவகையின் சாற்றிலும், அதைவிட மிகுதியாகத் தோலிலும், வெயிலோடு சேர்ந்தால் தோலைப் பொசுக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் ஓரிரு நாளில் சிவந்து கொப்புளமாகலாம். ஆறிய பிறகு அந்த இடம் கறுத்துப்போய் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். வெளுக்க வைப்பதாகப் பரிந்துரைக்கப்படும் பொருளே கறுக்க வைக்கிறது.

சர்க்கரையும் பிரஷ்ஷும் செய்வதும் இதுதான். நம் தோலுக்கு ஒரு குணம் உண்டு: உரசல், கடி, பரு, சிரங்கு என எந்தக் காயம் ஆறினாலும் அந்த இடத்தில் கறுப்புத் தழும்பை விட்டுச் செல்லும். அழற்சி வந்த இடத்தில் மெலனின் கூடுவதே காரணம். மெலனின் மிகுந்த தோலில் இது இன்னும் அதிகம். நாள்தோறும் உதட்டைச் சர்க்கரையால் தேய்ப்பவர் நாள்தோறும் சிறு சிறு காயங்களை உண்டாக்குகிறார். முதலில் இரத்தம் பாய்ந்து உதடு சிவந்து தெரியும். வைத்தியம் பலித்துவிட்டது என்று மகிழ்வார். ஒரு மாதம் கழித்து முன்பைவிடக் கறுத்திருக்கும். இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். இந்தச் சுழலில் சிக்கிய பிள்ளைக்கு நோய் உதட்டில் இல்லை, அவர் கையில் கொடுக்கப்பட்ட குறிப்பில் இருக்கிறது. பீட்ரூட் சாறு கெடுதல் செய்வதில்லை. ஆனால் அது வெறும் சாயம், அடுத்த வேளைச் சாப்பாட்டோடு போய்விடும்.

வீட்டு வைத்தியம் பலிக்காதபோது கிரீம் வருகிறது. உரிய மேற்பார்வை இல்லாமல் ஹைட்ரோகுயினோன் கலந்த களிம்பை நெடுநாள் பூசினால் சிலருக்குத் தோலில் நீலம் கலந்த கறுப்புப் படியும். அதைப் போக்குவது மிகக் கடினம். ஸ்டீராய்டு களிம்பு தோலை மெலியச் செய்யும், வாயைச் சுற்றிப் பருக்களைக் கிளப்பும், நிறுத்தினால் எரிச்சலை இரட்டிப்பாக்கும். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் விதியை இறுக்கினார்கள். ஆனாலும் சீட்டில்லாமல் கைமாறும் டியூப்கள் நின்றபாடில்லை.

எல்லாவற்றிலும் கொடியது பாதரசம். மெலனின் உருவாவதை அது தடுப்பதால், வெளுப்புக் கிரீம்களில் அதைத் திருட்டுத்தனமாகக் கலக்கிறார்கள். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். முகத்தில் பூசிய கிரீம் சிறுநீரகத்தைக் கெடுத்தது. உதட்டில் பூசுவது தோல் வழியாக மட்டுமா உள்ளே போகும்? சோற்றோடு, தண்ணீரோடு, எச்சிலோடு வயிற்றுக்கே போகும். கைக்குழந்தையைக் கொஞ்சும் தாய் வழியாகக் குழந்தையின் கன்னத்துக்கும் போகும்.

லேசர் செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். லேசர் இருக்கும் நிறமியைச் சிதைக்கும். நிறமியை உருவாக்கும் குணம் உடம்பில் அப்படியே இருக்கும். அதனால் நிறம் திரும்பி வருவது வழக்கமான நிகழ்ச்சி. இயல்பான நிறத்தை அகற்ற, திரும்பத் திரும்பப் பணம் கட்டுவது சிகிச்சையாகாது.

இலக்கியத்தின் பெயரால்

நான்காவது வாதத்தைச் சிலர் பெருமிதத்தோடு வைக்கிறார்கள். கொவ்வைப் பழம் என்றும் பவளம் என்றும் பெண்ணின் வாயைப் பாடிய மொழியல்லவா இது என்கிறார்கள். பாடியதுதான். ஆனால் கொவ்வைப் பழத்தைப் பார்த்தவருக்குத் தெரியும், அதன் நிறம் அடர்ந்த சிவப்பு. விளம்பரத்தில் வரும் வெளிறிய ரோஜா அல்ல. வெற்றிலை மெல்லும் வழக்கம் ஊறிய நாட்டில் சிவந்த வாய் என்பது பூசிக்கொள்ளும் அலங்காரமாகவும் இருந்தது. வெற்றிலையும் சுண்ணாம்பும் பாக்கும் சேர்ந்து தரும் சிவப்பு அது. உதட்டின் உள்நிறத்தை யாரும் உரித்தெடுக்கவில்லை.

அதே இலக்கியம் மறுபக்கத்தையும் உரக்கச் சொல்கிறது. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாந்தளிரின் நிறம் கொண்ட மாமை. அவள் துன்பத்தில் வாடும்போது அந்த நிறத்தைத் தின்று மேலேறுவது பசலை, அதாவது வெளிறல். அந்தப் புலவர்கள் கணக்கில் நிறம் வெளிறுவது நோயின் குறி, நிறம் திரும்புவது நலத்தின் குறி. நாம் இன்று விலை கொடுத்து வாங்கிப் பூசும் வெளிறலை அவர்கள் தலைவியின் துயரமாகப் பாடினார்கள். மரபின் பெயரால் வெளுப்பை விற்க வருபவர் மரபின் பாதியை மறைத்துக்கொண்டுதான் வருகிறார்.

இந்த அழகுணர்ச்சியின் பிறப்பிடத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். 1975இல் இந்தியாவில் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி தலைமுறைகளுக்கு வெளுப்பை வெற்றியாகக் கற்றுக்கொடுத்தது. 2009இல் சென்னையிலிருந்து விமன் ஆஃப் வொர்த் அமைப்பு கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது. கறுத்தவரை அழகற்றவராகவும் துயருற்றவராகவும் காட்டும் விளம்பரம் கூடாது என்று 2014இல் விளம்பரத் துறையின் சொந்த நெறிமுறை மன்றமே விதி வகுத்தது. 2020இல் அந்தக் கிரீம் பெயரை மாற்றிக்கொண்டது. முகத்தை வெளுக்கச் சொல்வது கூச்சம் தரும் காலம் வந்ததும், அதே சரக்கு அக்குள், முழங்கை, உதடு என்று உறுப்பு உறுப்பாகப் பிரிந்து சில்லறையில் விற்கப்படுகிறது. முகம் கறுப்பு என்று சொல்லத் தயங்குகிறவர்கூட உதடு கறுப்பு என்று தயங்காமல் சொல்லிவிடுகிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். என் உதடு, என் விருப்பம், நீ யார் கேட்க என்பார்கள். லிப்ஸ்டிக் பூசுவோர் மீது எனக்கு ஒரு வழக்கும் இல்லை. சிவப்பு, காவி, மெரூன், எதையும் மகிழ்ச்சியாகப் பூசிக்கொள்ளட்டும். மாலையில் துடைத்துவிட்டால் சொந்த உதடு அப்படியே இருக்கும். அலங்காரம் அது. நான் எதிர்ப்பது திருத்தத்தை. பதின்மூன்று வயதுப் பெண் தன் வாயைக் கண்ணாடியில் பார்த்துப் பிழை என்று நம்புவதும், அந்தப் பிழையை அமிலத்தால் உரிக்க முனைவதும் சுதந்திரமான தேர்வின் விளைவல்ல. ஓயாமல் சொல்லப்பட்ட பொய்யின் விளைவு.

மெலனின் செய்யும் காவல்

வெறுக்கப்படும் இந்த நிறமி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் வெறுப்புக் குறையும். வெயிலின் புறஊதாக் கதிர்களை உறிஞ்சித் தடுப்பது மெலனின். உதட்டில், குறிப்பாக வெயில் நேராக விழும் கீழுதட்டில் வரும் புற்றுநோய், வெளிறிய தோலோடு திறந்தவெளியில் உழைப்பவரைத் தாக்கும் நோயாக நெடுங்காலமாக அறியப்பட்டது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களிடம் அது அதிகமாக இருந்ததை 1975இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. கறுத்த தோல் கொண்ட மக்களிடம் வெயிலால் வரும் உதட்டுப் புற்று அரிது. நம் கடலோரத்து வெயில் நியூஃபவுண்ட்லாந்தின் வெயிலைவிடப் பன்மடங்கு கடுமையானது. அந்த வெயிலில் தலைமுறை தலைமுறையாக நின்று வலை இழுத்தவர்களின் உதட்டுக்குக் காவலாக நின்றது இந்தக் கறுப்புதான். நடவு நட்ட பெண்களுக்கும், சாலை போட்ட கூலிகளுக்கும் அதுவே குடை. அந்தக் குடையைத்தான் கிழித்தெறியச் சொல்கிறது அழகுக் குறிப்பு.

எதைக் கவனிக்க வேண்டும்

நிறத்தின் மேல் வைத்த கண்ணை எடுத்துவிட்டால் உதட்டின் உண்மையான தேவைகள் தெரியும். எண்ணெய்ச் சுரப்பி இல்லாத மெல்லிய தோல் என்பதால் உதடு தன் ஈரத்தை விரைவில் இழக்கிறது. காய்ந்ததும் நாக்கால் நனைக்கிறோம். எச்சில் ஆவியாகும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோகிறது. அதில் உள்ள செரிமானப் பொருள் தோலை அரிக்கிறது. வெடிக்கிறது, தோலை உரிக்கிறோம், புண்ணாகிறது, ஆறும்போது கறுக்கிறது. நனைப்பதையும் உரிப்பதையும் நிறுத்திவிட்டு, வெறும் வாசலினை இரவில் படுக்கும்போதும் பகலில் இரண்டு மூன்று முறையும் தடவினால் பெரும்பாலோருக்குப் போதும். 1872இல் காப்புரிமை பெற்ற அந்த எளிய பொருளைவிடப் பயனுள்ளதைப் புது டப்பாக்கள் அரிதாகவே தருகின்றன. மென்தால், கற்பூரம், பழ வாசனை கலந்த லிப் பாம் குளுகுளுவென்று இருக்கும். பலருக்கு அதுவே உறுத்தலைக் கூட்டும். நெடுநேரம் வெயிலில் இருப்பவருக்கு எஸ்.பி.எஃப் 30 உள்ள லிப் பாம் நல்லது. புதிய லிப்ஸ்டிக்கோ பேஸ்ட்டோ மாற்றிய பிறகு உதடு அரித்துக் கறுத்தால் அந்தப் பொருளை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை அப்படியும் வரும்.

வாயின் இரு ஓரமும் வெடித்துப் புண்ணானால் அது ஊட்டச்சத்தின் செய்தியாக இருக்கலாம். 1930களில் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் எய்க்ராய்டும் அவருடைய குழுவினரும் தென்னிந்திய ஏழைகளிடம் இத்தகைய வாய்ப்புண்களை ஆராய்ந்து, வைட்டமின் பி2 குறைபாட்டோடு பொருத்திக் காட்டினார்கள். அந்த ஆய்வுக்கூடம்தான் பின்னர் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அவர்கள் ஏழையின் உதட்டில் பசியைப் படித்தார்கள். நாம் அதே உதட்டில் நிறத்தை மட்டும் படிக்கிறோம். பால், முட்டை, பருப்பு, கீரை பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஸ்க்ரப் பற்றிப் பேசுகிறோம்.

மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், உதட்டிலோ உட்கன்னத்திலோ வெள்ளைத் திட்டு, கெட்டியான வளர்ச்சி, ஒரே இடத்தில் புதிதாகத் தோன்றி அளவும் வடிவமும் மாறும் கரும்புள்ளி ஆகியவற்றைக் காட்டியே தீர வேண்டும். உதடும் ஈறும் உள்ளங்கை ரேகைகளும் சேர்ந்து புதிதாகக் கறுத்து, கூடவே எடைக் குறைவும் தீராத களைப்பும் இருந்தால் அட்ரினல் சுரப்பியைச் சோதிக்க வேண்டும். காசநோய் அந்தச் சுரப்பியைக் கெடுப்பது நம் நாட்டில் அறியப்பட்ட காரணம். குழந்தையின் உதட்டில் சிறு சிறு கரும்புள்ளிகள் தோன்றி அடிக்கடி வயிற்றுவலியும் வந்தால் குடலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இவை அனைத்தும் மாற்றத்தைப் பற்றியவை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பிறந்தது முதல் இருக்கும் நிறம் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

உதட்டுக்கு உண்மையான எதிரி வேறு. இந்தியாவில் உதடு, வாய்ப் புற்றுநோய் ஆண்டுக்கு 1,40,000 பேருக்கு மேல் புதிதாக வருகிறது. புகையிலையும் பாக்குமே அதில் பெரும் பங்குக்குக் காரணம். கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தை மாணவர்கள் உதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைக்கும் பழக்கம் பள்ளிகள் வரை வந்துவிட்டது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அதை ஏன் நாடு முழுக்கத் தடை செய்யக் கூடாது என்று கேட்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. பையனின் உதட்டு நிறத்தை உற்றுப் பார்த்துச் சந்தேகப்படும் பெரியவர்களுக்கு, உதட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. நிறத்தைப் பார்த்துப் பழகிய கண் பொட்டலத்தைப் பார்க்காது.

ஆகவே சிலரிடம் நேராகக் கேட்டுக்கொள்கிறேன். இதழ் ஆசிரியர்களே, கறுத்த உதட்டுக்குத் தீர்வு என்ற தலைப்பை உங்கள் அழகுப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்; எலுமிச்சையை உதட்டில் தேய்க்கச் சொல்லும் குறிப்பை இனி ஒருமுறையும் அச்சிடாதீர்கள். மருந்துக்கடைக்காரர்களே, சீட்டில்லாமல் ஸ்டீராய்டு டியூபைக் கொடுக்காதீர்கள். பெற்றோர்களே, மகளின் உதட்டைப் பற்றி விருந்தினர் எதிரில் பேசாதீர்கள். யாராவது பேசினால் அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள். பெண் பார்க்கப் போகிறவர்களே, நிறத்தைப் பார்க்காதீர்கள். கண்ணாடி முன்னால் பிரஷ்ஷோடு நிற்கும் தம்பி, தங்கைகளே, அதைக் கீழே வையுங்கள். உங்கள் உதட்டில் இருப்பது உங்கள் முன்னோரின் உடம்பில் வெயிலுக்குக் காவலாக இருந்த நிறம். அதில் குணப்படுத்த ஒன்றும் இல்லை.